டோசர் அண்ணன் வீடு விற்ற கதை

நெய்வேலியில் சுரங்கத்துக்கு அடுத்தபடியாக அதிகம் இடிபட்ட இடம் எங்கள் எதிர்வீடுதான். அதன் சொந்தக்காரர் சுரங்கத்தில் புல்டோசர் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். தெருவுக்கு அவர் டோசர் அண்ணன்.

வேலையில் இருந்தவரை குவார்ட்டர்ஸ் வாசம். அங்கே ஒரு ஆணி அடிக்கவே யோசிக்க வேண்டும். அந்த ஏக்கத்தையெல்லாம் சேர்த்துவைத்து, டவுன்ஷிப்புக்கு வெளியே சொந்த வீடு வாங்கியதும் சம்மட்டியை எடுத்துவிட்டார். தானே புயல் அடித்த மறு வருடம் அது. புயல் வெளியே செய்ததை அண்ணன் உள்ளே செய்தார். முதலில் சமையலறைச் சுவர் போனது. பிறகு ஹாலுக்கும் படுக்கையறைகளுக்கும் நடுவிலிருந்த சுவர்கள்.

"காத்து வரணும் தம்பி" என்பார்.

"இன்னாங்க, விருந்தாளி வந்தா நான் பொடவை எங்க மாத்தறது?" என்று அண்ணி கேட்டார்.

"அவங்கள வெளிய அனுப்பிட்டு மாத்து!"

அண்ணி மீன் வறுத்தால் கட்டிலில் படுத்திருக்கும் விருந்தாளி இருமிக்கொண்டே எழுந்திருப்பார்.

சில வருடங்கள் கழித்து, சென்னையில் இருந்த மகள் பிரசவத்துக்கு முன்பே இருவரையும் அங்கேயே வந்துவிடச் சொன்னாள். வீடு விலைக்கு வந்தது. சுரங்கத்தில் கான்ட்ராக்டிலிருந்து அப்போதுதான் பெர்மனன்ட் ஆன ஒருவர், இரண்டு பெண் குழந்தைகளோடு வந்து பார்த்து ஆசைப்பட்டார். அவருக்குக் கடன் தரும் பாங்க், பிளானோடு ஒரு என்ஜினீயரை அனுப்பியது.

"பிளான்ல ரெண்டு பெட்ரூம், ஒரு கிச்சன் இருக்கே. இங்க ஹால் மட்டும்தான் இருக்கு. மத்ததெல்லாம் எங்க சார்?"

"எங்கயும் போவல சார். எல்லாம் உள்ளதான் சேந்துகினு இருக்குது."

என்ஜினீயர் சிரித்தபடி அண்ணாந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. "எல்லாரும் மொதல்ல வெளிய வாங்க" என்றார். அந்த வீட்டில் தூண்களே கிடையாது. கூரை முழுக்கச் சுவர்கள் மேல் உட்கார்ந்திருந்தது. நடுச்சுவர் இருந்த இடத்துக்கு மேலே தளம் நீளமாக விரிசல் விட்டிருந்தது.

பிளான் விஷயமாக அண்ணன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனபோது நானும் கூடப் போனேன்.

"இடிக்க அனுமதி வாங்கினீங்களா?" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"என் வூடு சார்!"

"வூடு உங்களுது. பிளானு நாங்க குடுத்தது."

"இத்தினி வருசம் இடிக்கறதுக்குத்தான் சார் எனக்குச் சம்பளமே குடுத்தாங்க!"

வெளியே வந்ததும், அங்கே காத்திருந்த வீட்டு புரோக்கர் ஒருவன் அண்ணன் காதைக் கடித்தான். "பலகையில சுவரு மாதிரி தடுத்து, விரிசல்ல பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சிடலாம்ணே. பாங்க் வேணாம், ரொக்கப் பார்ட்டியா கூட்டியாறேன். பிரம்மாவுக்கே தெரியாது."

டோசர் அண்ணனுக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். "எவன் வாங்கினாலும் புள்ளைங்க படுக்கப்போற எடம்டா அது. போடா!"

அன்று மாலையே வாங்க வந்தவரைக் கூப்பிட்டு, கூரையைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். பிறகு தளத்துக்கு முட்டுக் கொடுத்து, என்ஜினீயர் சொன்னபடி இரும்பு பீம் போட்டு, சுவர்களைத் திரும்ப எழுப்பினார். ஒவ்வொரு செங்கல்லையும் ஜென்ம விரோதியைத் தூக்குவதுபோல் தூக்கிக் கொடுத்தார்.

வேலை முடிந்த அன்று அண்ணி படுக்கையறைக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. அண்ணன் கதவைத் தட்டினார்.

"இன்னா பண்ற உள்ள?"

"ஒண்ணும் பண்ணலீங்க. கதவச் சாத்திகினு இருக்கறேன்."

அந்த பெர்மனன்ட் தம்பியே வீட்டை வாங்கினார். "மறைக்காம சொன்னாரே, அது போதும்" என்றார்.

சென்னையில் அண்ணன் இருப்பது நாலாவது மாடியில். கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். எதிலும் கை வைக்க முடியாது. அவ்வப்போது போன் வரும்.

"தம்பி, உன் வூட்ல ஏதாச்சும் இடிக்கணுமா?"

ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. "என்ஜினீயர்கிட்ட கேட்டுக்கலாம்ணே, நீங்க மொதல்ல பஸ் ஏறுங்க" என்பேன்.