உலக டீஜேமாரின் பத்து ட்ராக்கும் எங்கள் பிள்ளையாரும்

நான் டீஜேயாக இருந்த மூன்று வருடத்தில் எலெக்ட்ரானிக் நடனப் பாட்டு ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. இதை அப்போது சொல்லியிருந்தால் மானம் போயிருக்கும். இப்போது போவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

டீஜே என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஆரையம்பதியில் என் மாமா ஓர் ஒலிபெருக்கிச் சேவை நடத்தினார். கலியாணம், பூப்புச் சடங்கான சாமத்திய வீடு, கோயில் திருவிழா, விளையாட்டுப் போட்டி என்று எங்கே நாலு பேர் கூடினாலும் எங்கள் ஸ்பீக்கர் பெட்டிகள் அங்கே நிற்கும். அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு லெப்டொப்போடு நிற்பவன் நான். பெயர் டீஜே சைக்லோன். (வீட்டில் வைத்த பெயர் கஜேந்திரன். அது போஸ்டரில் எடுபடாது.)

"முந்தி அடிச்ச புயல்ல கூரை பறந்ததைக் கண்ணால கண்டவன் நான். அதுக்குப் பிறகும் இந்த ஊருல புயல் எண்டு பேர் வச்சுக்கொண்டு திரியிறவன் நீ ஒருத்தன்தான்" என்றார் அப்பா.

அப்பா மாவட்டச் செயலகத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழில் என்பதற்கு அவரிடம் ஒரே ஒரு வரைவிலக்கணம்தான் உண்டு. அச்சடித்த கடிதத் தலைப்புக்குக் கீழே உன் பெயர் வந்தால் அது தொழில். வராவிட்டால் பகிடி, வெறும் விளையாட்டு. என் தொழில் அந்த இரண்டாவது வகையில் இருந்ததால், கட்டாரில் இருந்த பெரியப்பாவின் மகனைப் பிடித்து, அங்கே ஒரு கம்பனியில் களஞ்சிய வேலைக்கு எனக்கு விசா எடுத்துவிட்டார். மெடிக்கல் முடிந்தது. தை மாதம் பயணம். கம்பனியின் வேலைக் கடிதத்தை ஒரு ஃபைலில் போட்டு, நான் சாப்பிடும்போது கண்ணில் படுகிற மாதிரி மேசையில் வைத்திருந்தார்.

எனக்குப் போக விருப்பமில்லை. இந்த ஊரையே ஆட வைக்கிறவன் கட்டாரில் போய்ப் பெட்டி அடுக்குவதா என்று வெளியில் சொல்லித் திரிந்தேன். உண்மை என்னவென்றால் பயம். வீட்டை விட்டு ஒரு கிழமை சேர்ந்தாற்போல் இருந்ததில்லை.

"சரி மனே," என்றார் அப்பா கடைசியில். "மார்கழி முடியிறதுக்குள்ள உன்ர பேர் போட்ட கடிதத் தலைப்பு ஒண்டு கொண்டா. மறுகா நான் கட்டார் எண்டு வாய் திறந்தா என்னெண்டு கேள்."

அந்த நேரம் பார்த்துத்தான் நாவற்குடாப் பக்கம் வாவிக்கரையில் புதிதாகத் திறந்திருந்த ஒரு ஹோட்டலின் மனேஜர் அன்டன் கூப்பிட்டு அனுப்பினார். நீச்சல் தடாகம், கூரை போட்ட நடன மேடை எல்லாம் உள்ள இடம். அவருக்கு நிரந்தரமாக ஒரு டீஜே வேண்டும். ஒரு வருட ஒப்பந்தம். (கடிதத் தலைப்பு கண்முன்னே நீல மையில் மின்னியது.) அதற்கு முன் ஒரு பரீட்சை. மார்கழிக் கடைசி ஞாயிறு பின்னேரம் ஒரு பார்ட்டி. அவர் தன் கைபேசியை நீட்டினார். உலகத்திலுள்ள டீஜேமார் சேர்ந்து, இந்த வருடம் தங்களுக்குப் பிடித்த எலெக்ட்ரானிக் நடன ட்ராக் என்று பத்தைத் தெரிவு செய்திருந்தார்கள்.

"இந்தப் பத்தும்தான் தம்பி போகோணும். சினிமாப் பாட்டு வேணாம். சாமிப் பாட்டு வேணாம். இந்த லிஸ்ட் உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சேர். பத்தில எட்டு நான் முதலே போட்டுட்டன்" என்றேன்.

அதில் ஒரு பெயரைக்கூட நான் அதற்கு முன் வாசித்ததில்லை.

நேரே காத்தான்குடிக்குப் போனேன். அங்கே ரிஸ்வான் ஃபோன் கடை வைத்திருந்தான். பள்ளிக் காலத்துக் கூட்டாளி. உலகத்தில் எந்தப் பாட்டானாலும் பத்து நிமிடத்தில் இறக்கிப் பென் ட்ரைவில் ஏற்றித் தருவான். முதல் ட்ராக்கைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் காத்திருந்தோம். டும் டும் டும் டும். அரை நிமிடம் போயிற்று. டும் டும்.

"என்ன மச்சான், ஒருத்தனும் பாடுறான் இல்ல?" என்றான் ரிஸ்வான்.

"உலகத்து டீஜேமார் தெரிஞ்செடுத்ததுடா."

"அவங்களுக்குப் பாட ஆள் கிடைக்கல்ல போல." அடுத்ததைப் போட்டான். அதுவும் டும் டும். "எதுக்கும் பத்தையும் ஒருக்கா முழுசாக் கேட்டுட்டுப் போ."

"இதில கேக்க என்னடா இரிக்கி? ஒண்டக் கேட்டா பத்தும் கேட்ட மாதிரித்தானே" என்றேன்.

இதுதான் நான் சொன்னது. இதை நான் சொல்லவே இல்லை என்று பிறகு பல தடவை வாதாடிப் பார்த்தேன். ரிஸ்வான் விடவில்லை.

இந்த இடத்தில் எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ச் சபையில் பாட்டு நிற்கக் கூடாது. மூன்று செக்கன் சத்தம் நின்றால் போதும். "பாட்டு நிண்டுட்டு" என்று ஒருவர் சொல்வார், இன்னொருவர் வயரைப் பிடித்து ஆட்டுவார், பொம்பிளை வீட்டார் மாமாவைத் தேடுவார்கள். ஆகவே மாமா எப்போதும் இரண்டாவது ப்ளேயர் ஒன்றைத் தயாராக வைத்திருப்பார். அதில் ஒரேயொரு பாட்டுத்தான் இருக்கும், ஒரு பிள்ளையார் பாட்டு. எந்த வைபவமானாலும் முதலில் போடுவது அதைத்தான் என்பதால், அதுவே எப்போதும் அதில் கிடக்கும். லெப்டொப் இறுகிவிட்டால் உடனே பிள்ளையார். சனத்துக்கு ஒன்றும் தெரியாது, பக்தி என்று நினைத்துக்கொள்ளும்.

அந்த இரண்டாவது ப்ளேயரின் அதிபதி மாமாவின் மகன் சுதன். அவனைப்போல் ஒரு மனிதனை நான் கண்டதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இடது கை பொத்தானில்தான் இருக்கும்.

ஞாயிறு மத்தியானம் பெட்டிகளை இறக்கும்போதே அவன் முகம் சரியில்லை. "பிள்ளையாரப் போடாமத் தொடங்கிறது எனக்கெண்டாச் சரியாப் படல்ல மச்சான்" என்றான்.

"மனேஜர் வேணாம் எண்டுட்டார்டா. ஆனா நீ ப்ளேயரோட இரு. இண்டைக்கு மட்டும் சத்தம் நிக்கக் கூடாது. நிண்டா நான் கட்டார். விளங்கிச்சா?"

"நான் உயிரோட இரிக்கும்வரை நிக்காது" என்றான் சுதன். நான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

நாலு மணிக்கெல்லாம் சனம் நிறைந்துவிட்டது. கனடா, லண்டனிலிருந்து மார்கழி விடுமுறைக்கு வந்த நம்மவர்கள் முன்வரிசையில். தொண்டு நிறுவனங்களில் வேலை செய்யும் வெள்ளைக்காரர் பத்துப் பன்னிரண்டு பேர் தடாகத்தைச் சுற்றி. கடைசி வரிசையில், சட்டைப் பையில் பேனையோடு அப்பா. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும்போது சாட்சி தேவைப்பட்டால் என்று தானாகவே வந்திருந்தார்.

முதல் ட்ராக் அருமையாகப் போனது. டும் டும்முக்கு வெள்ளைக்காரர் ஆடினார்கள். கனடாக்காரர் தலையை ஆட்டினார்கள். அன்டன் சேர் தூரத்திலிருந்து பெருவிரலைக் காட்டினார். இரண்டரை நிமிடம் இருக்கும். டும் டும் மெலிந்தது. ஒரு விசில் சத்தம் ஊஊ என்று ஏறியது. ஏறி ஏறி, திடீரென்று எல்லாம் நின்றது.

இந்த வகைப் பாட்டில் நடுவில் இப்படி நிறுத்தி, ஆடுகிறவர்களைக் காத்திருக்க வைத்து, பிறகு போட்டு அடிப்பார்களாம். அதற்காகத்தான் டீஜேமார் உயிரை விடுகிறார்களாம். முழுதாகக் கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

லெப்டொப் செத்துப்போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் சுதன் இருந்தான். நாதஸ்வரமும் மணியோசையுமாகப் பிள்ளையார் பாட்டு வாவிக்கரை முழுக்க முழங்கியது. நான் நன்றியோடு அவனைப் பார்த்துப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன். (ஓம், காட்டினேன். வீடியோவில் இருக்கிறது.)

அடுத்த கணம் உலக டீஜேமார் திரும்பி வந்து டும் என்று அடித்தார்கள். பிள்ளையாரும் டும்மும் ஒன்றாகப் போக, சுதன் ஒழுங்காகப் பிள்ளையாரின் சத்தத்தைக் குறைத்து நிறுத்தினான். அவனைப் பொறுத்தவரை எல்லாம் சரி, மச்சானின் மானம் காப்பாற்றப்பட்டது.

இரண்டாவது ட்ராக்கிலும் அதே ஊஊ ஏறியபோதுதான் எனக்கு உறைத்தது. இது பழுதில்லை, பாட்டே இப்படித்தான். சுதன் இருபது அடி தள்ளி, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தான். கத்தினேன், கேட்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினேன். எங்கள் ஒலிபெருக்கிச் சேவையில் கை தூக்கினால் சத்தத்தைக் கூட்டு என்று அர்த்தம். இரண்டு கையும் தூக்கினால் முழுதாகத் திற.

முழுதாகத் திறந்தான்.

இந்தத் தடவை முன்வரிசை எழுந்து நின்றது. ஒரு கனடா அன்ரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். அவருடைய கணவர் கையிலிருந்த கிளாஸைக் கதிரைக்குக் கீழே தள்ளிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். தடாகத்துக்குள் நின்ற ஒரு லண்டன்காரர் ஈர உடம்போடு தோப்புக்கரணம் போட்டார். இதையெல்லாம் பார்த்த வெள்ளைக்காரர், இதுதான் இந்தப் பாட்டுக்கு ஆடுகிற முறை என்று நினைத்து, தாங்களும் செருப்பைக் கழற்றினார்கள். டும் என்று அடித்ததும் எல்லோரும் துள்ளினார்கள். நான்காவது ட்ராக் வரும்போது சனத்துக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஊஊ என்றதும் கைகூப்பி நிற்பது, டும் என்றதும் துள்ளுவது. அப்பாவும் கடைசி வரிசையில் எழும்பி எழும்பி இருந்தார். அவர் துள்ளவில்லை, மற்றதைச் செய்தார்.

ஐந்தாவது தரம் பிள்ளையார் வந்தபோது அன்டன் சேர் தானே ஓடிப்போய் இரண்டாவது ப்ளேயரின் வயரைப் பிடுங்கிவிட்டார். சுதன் தடுத்திருக்கிறான். "சத்தம் நிண்டா மச்சான் கட்டார் சேர்" என்று கெஞ்சியும் பார்த்திருக்கிறான்.

ஆறாவது ட்ராக்கில் ஊஊ ஏறி நின்றது. சபை முழுதும் கைகூப்பிக் காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. "பாட்டு நிண்டுட்டு" என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கனடா அன்ரிக்குப் பொறுக்கவில்லை. தானே எடுத்துப் பாடத் தொடங்கினார். முன்வரிசை சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு உலக டீஜேமார் எவ்வளவு அடித்தும் எடுபடவில்லை. பாட்டு முடிந்து, கற்பூரம் இல்லையா என்று கேட்கிற அளவுக்கு நிலைமை போய்விட்டது.

வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வந்து, அந்த மணியோசை வருகிற ட்ராக் யாருடையது, லிஸ்டில் காணவில்லையே என்று கேட்டாள். "பிள்ளையார்" என்றேன். கைபேசியில் எழுதிக்கொண்டு போனாள்.

அன்டன் சேர் சத்தம் போடவில்லை. "நான் கேட்டது பத்து ட்ராக் தம்பி. நீங்க பதினோராவதையே அஞ்சு தரம் போட்டீங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனோம், அப்பா பின்னால் இருந்தார். காத்தான்குடியில் நடுரோட்டு ஈச்சமரங்களைத் தாண்டும்போது காதுக்குப் பக்கத்தில் வந்தார்.

"பாட்டு நல்லா இருந்திச்சு."

"எது?"

"அதான், பிள்ளையார் பாட்டு. இடையில வந்த இரைச்சலைத்தான் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்."

இரண்டு நாளில் ஹோட்டலிலிருந்து கடிதம் வந்தது. தங்க எழுத்தில் கடிதத் தலைப்பு. அதன் கீழே என் முழுப் பெயர். தங்கள் சேவை எமக்குத் தேவைப்படாது என்பதை மனவருத்தத்துடன் அறியத் தருகிறோம். அப்பா அதை இரண்டு தரம் வாசித்து, எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தி, கட்டார் ஃபைலிலேயே சேர்த்து வைத்தார். தை மாதம் நான் விமானம் ஏறினேன்.

நாலு வருடம் அங்கே இருந்துவிட்டு வந்து, கலியாணமும் முடித்து, இப்போது மாமாவின் சேவையை நானும் சுதனும் நடத்துகிறோம். எங்கள் வீட்டில் யாராவது கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் மற்றவர் "பிள்ளையாரப் போடு" என்பார். என் மனைவி சொல்வாள், என் நாலு வயது மகள்கூடச் சொல்வாள். இந்தப் பகிடியைத் தொடக்கியவன் சுதன் என்றுதான் சொந்தக்காரர் எல்லோரும் நினைக்கிறார்கள். அவனில்லை.

கட்டாருக்குப் போன முதல் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன். சாப்பாடு, அறை, குளிர் எல்லாம் ஒரு நிமிடத்தில் சொல்லி முடிந்தது. அதற்குமேல் எனக்குக் கதைக்க வரவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. அந்தப் பக்கம் அப்பாவும் பேசவில்லை. அனுப்பி வைத்தவரே அவர்தான், அவர் என்ன சொல்வார். பிறகு ஃபோனுக்குள் ஏதோ முனகல் கேட்டது. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. வாழ்க்கையில் ஒரு பாட்டுக்கூடப் பாடியிராத என் அப்பா, அந்தப் பிள்ளையார் பாட்டின் முதல் வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்.

"அப்பா, என்ன செய்றீங்க?"

"சத்தம் நிண்டுட்டு மனே," என்றார். "சுதனும் இஞ்ச இல்ல. அதான்."