ஒரு குழிகூட இருக்கக் கூடாது

நான் சோம்பேறி என்று என் மனைவி சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனாலும் ஒரே ஒரு நாள், காலையிலிருந்து பொழுது சாயும்வரை, ஓர் உலோகத் துண்டை விடாமல் தேய்த்து நான் உழைத்திருக்கிறேன். அந்த உழைப்பின் பலனாக ஒரு நீராவிப் படகு நடுக்கடலில் நின்றுபோயிற்று. ஒரு ஜப்பானியக் கர்னல் தன் தொப்பிக்குள்ளேயே வாந்தி எடுத்தார். அன்றிலிருந்து எனக்கு உழைப்பின்மேல் அளவுகடந்த மரியாதை. மரியாதைக்குரியவர்களிடம் கொஞ்சம் தள்ளி நிற்பதுதானே முறை?

அது ஜப்பான்காரன் காலம். பினாங்கில் கடிகாரங்களைக்கூட டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். கடிகாரம் காலை ஆறு என்று சொல்லும். வெளியே கும்மிருட்டாக இருக்கும். சேவல் மட்டும் பழைய நேரத்துக்கே கூவிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அதை யாரும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிக் குடும்பம். அப்பா கிராணி, பெரியப்பா கிராணி, இரண்டு மாமன்மாரும் கிராணி. கணக்கப்பிள்ளை வேலையைத் தவிர வேறு வேலையும் உலகத்தில் உண்டு என்பது எங்களுக்குக் காதில் விழுந்த செய்தி மட்டும்தான். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையின் அழகு என்பது அதன் கையெழுத்து. தாளில் ஒரு சொட்டு மை சிந்தினால் அப்பா அன்றைக்குச் சாப்பிட மாட்டார். நானும் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறி, துறைமுக அலுவலகம் ஒன்றில் நாற்காலி பிடித்து, இரண்டு வருடம் மை சிந்தாமல் எழுதினேன். பிறகு வெள்ளைக்காரன் ஓடினான். நாற்காலியும் போயிற்று.

நாற்காலி போனது பெரிதில்லை. வேலைச் சீட்டு இல்லாமல் தெருவில் அகப்படும் இளவட்டங்களை லாரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து கடிதம் வருவதில்லை. எங்கள் தெருவிலேயே நான்கு வீட்டில் ஆள் குறைந்திருந்தது. அம்மா என்னைக் கடைக்குக்கூட அனுப்பப் பயந்தாள்.

இந்த நிலையில்தான் கடற்கரையோரத்துப் படகுப் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. பட்டறையை ராணுவம் எடுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பொறுப்பாக இருந்த லெப்டினன்ட் மொரித்தாவுக்கு அறிக்கை எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது. எனக்கு அப்போது நாற்பது ஜப்பானியச் சொற்கள் தெரியும். அதில் இருபது நன்றி சொல்ல, பத்து மன்னிப்புக் கேட்க. மொரித்தா என் கையெழுத்தைப் பார்த்தார். உடனே கையில் ஒரு பட்டியைக் கட்டி, என்னைக் ‘கந்தோக்கு’ ஆக்கிவிட்டார். அப்படியென்றால் மேற்பார்வையாளர். நட்டு எது, போல்ட்டு எது என்று தெரியாத நான், பதினாறு தொழிலாளிகளுக்கு மேலே! (சிரிக்காதீங்க. இப்பவும் பல ஆபீசில இப்படித்தான் நடக்குது லா.)

மொரித்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் எப்போதும் வெள்ளைக் கையுறை போட்டிருப்பார். படகு ஓடுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இயந்திரத்தின்மேல் விரலை வைத்து ஓர் இழுப்பு இழுப்பார். உறையில் கறை பட்டால் நம் கன்னத்தில் அறை விழும். அதனால் எங்கள் பட்டறையில் படகுகள் ஓடினவோ இல்லையோ, எல்லாம் பளபளத்தன.

அங்கே உண்மையில் வேலை தெரிந்தவர் வீராசாமி என்ற ஃபிட்டர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பிறை என்ற ஊரின் ரயில் பட்டறையில் தொழில் படித்தவர். என்னைக் ‘கிராணி’ என்றுதான் கூப்பிடுவார். அதை அவர் சொல்லும்போது, காலில் ஒட்டிய எதையோ உதறுவதுபோல இருக்கும். நானும் விட்டுக்கொடுக்கவில்லை, ‘நீர்’ என்று அழைத்து அவரை அவர் இடத்தில் வைத்திருந்தேன்.

ஒருநாள் உத்தரவு வந்தது. தைப்பிங்கிலிருந்து ஒரு கர்னல் வருகிறார். அவரை நம் படகில் அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். டீசல் கிடைக்காத காலம் என்பதால், பக்காவு என்ற சதுப்புநில மரத்தின் விறகு எரித்து ஓடும் கிழட்டு நீராவிப் படகு ஒன்றைத் தூசி தட்டினார்கள். அதன் இயந்திரத்தில் பிஸ்டன் தண்டோடு சேர்ந்து ஓர் உலோகக் கட்டை மேலும் கீழும் உரசிப் போய்வரும். அந்தக் கட்டையின் முகம் தேய்ந்துபோயிருந்தது. வீராசாமி அதில் புதிதாக வெள்ளை உலோகம் வார்த்து, நான்கு நாள் சுரண்டிச் சுரண்டி மட்டமாக்கினார். நான் போய்ப் பார்த்தேன். குத்துவிளக்குப்போல மின்னியது. மொரித்தாவின் கையுறைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று மகிழ்ந்து, அறிக்கையும் எழுதிவிட்டேன்.

மறுநாள் காலையில் போனால், வீராசாமி அந்த மின்னும் முகத்தின்மேல் குனிந்துகொண்டு, பழைய அரத்தைத் தீட்டிச் செய்த சுரண்டியால் டிக் டிக்கென்று குழி போட்டுக்கொண்டிருந்தார். நகக்கண் அளவுக்குப் பிறைபிறையாக, முகம் முழுக்க. சுத்தமான பேரேட்டில் யாரோ பேனாவை உதறியதுபோல இருந்தது.

“உதென்ன காணும் செய்யிறீர்?” என்று கத்தினேன்.

“எண்ணெய்க்கு எடம் விடுறேன் கிராணி.”

“நல்ல வழவழப்பான சாமானை ஏன் பாழாக்கிறீர்?”

“வழவழன்னு இருந்தா எண்ணெய் நிக்காது, வழிஞ்சு ஓடிரும். குழியில கொஞ்சம் உக்காந்துக்கும். கட்டை போறப்ப வர்றப்ப அதுவே தடவி விட்டுக்கும். அப்பதான் உரசாது, தேயாது.”

இந்த இடத்தில்தான் என் அறிவு வேலை செய்தது. போன வாரம்தான் அம்மா என்னிடம், “தம்பி, உந்த அம்மி வழவழெண்டு போச்சு, மிளகாய் அரைபடுதில்லை. கொத்திற ஆளைக் கூட்டிக்கொண்டு வா” என்றிருந்தாள். ஆளைக் கூட்டி வந்தேன். உளியால் குழிகுழியாகக் கொத்தினார். அதன்பிறகு மிளகாய் நொடியில் கூழானது. ஆக, குழி போட்டால் அரைபடும். கல்லுக்கு ஒரு நியாயம், உலோகத்துக்கு ஒரு நியாயமா? இந்த ஆள் இயந்திரத்தை அரைத்துத் தள்ளத்தான் கொத்துகிறார்!

“எங்கட வீட்டிலயும் அம்மி இருக்கு காணும். கொத்தினால் என்ன நடக்கும் எண்டு எனக்கும் தெரியும்,” என்றேன்.

வீராசாமி சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “கிராணி, அம்மியில எண்ணெய் ஊத்தியா மொளகா அரைக்கிறீங்க?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதுதான் வினை. எனக்குக் கோபம் தலைக்கேறி, சொல்லக் கூடாத வார்த்தையைச் சொன்னேன். “இது நாசவேலை. நான் மேலிடத்துக்கு அறிவிப்பேன்.”

சிரிப்பு நின்றது. அந்த வார்த்தைக்காகத் தலை போன ஆட்கள் ஊரில் இருந்தார்கள். வீராசாமியின் முகம் கறுத்தது. மிகவும் மெதுவாக, “சரி. நீங்கதான் கந்தோக்கு. எழுதிக் குடுங்க” என்றார்.

எழுதிக் கொடு என்று ஒரு கிராணியிடம் கேட்பது, கரும்பு தின்னக் கூலி கொடுப்பது. உட்கார்ந்தேன். என் வாழ்நாளின் மிக அழகான கையெழுத்தில், ஆங்கிலத்தில், எழுதினேன்: ‘உரசும் முகங்கள் யாவும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருத்தல் வேண்டும். ஒரு குழிகூட இருக்கக் கூடாது.’ கீழே கையொப்பம், அதற்கும் கீழே முத்திரை. வீராசாமி அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டீ குடிக்கப் போய்விட்டார். அவர் அந்தக் கட்டையைத் தொடவில்லை.

ஆகவே நானே தேய்த்தேன். முதலில் உப்புத்தாள். பிறகு அம்மா பித்தளைச் செம்பு மினுக்கும் முறைப்படி புளியும் சாம்பலும். பொழுது சாயும்போது குழி எல்லாம் மறைந்து, என் முகம் அதில் தெரிந்தது. இரண்டு கட்டு வெற்றிலை போட்டவனுக்கு வரும் திருப்தி அந்த முகத்தில் இருந்தது. மொரித்தா வந்து விரலால் இழுத்தார். கையுறை வெள்ளையாகவே இருந்தது. அவர் தலையை ஆட்டினார். நான் நாற்பது சொற்களில் இருபதைச் செலவழித்தேன்.

கர்னல் வந்தார். குட்டையான மனிதர், பெரிய வாள். படகு கிளம்பியது. நான் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நின்றேன். கால்வாசி தூரம் போனதும் பலகாரம் சுடும் வாசனை வந்தது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம் அது. எனக்கு நாக்கில் நீர் ஊறிவிட்டது. பட்டர்வொர்த்தில் யாரோ வடை சுடுகிறார்கள், காற்று இங்கே கொண்டுவருகிறது என்று நினைத்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். கர்னலும் இழுத்தார். அப்புறம்தான் புகை வந்தது. இயந்திரம் ஒருமுறை கிறீச்சென்று அலறி, இரண்டுமுறை முனகி, இறுகிப்போய் நின்றது. மசகெண்ணெய்க்குப் பதிலாக நாங்கள் ஊற்றியிருந்த செம்பனை எண்ணெய்தான் பொரிந்துகொண்டிருந்தது. சுட்ட பலகாரம் என் கட்டை.

அலையில் ஆடியபடி ஒன்றரை மணிநேரம் கிடந்தோம். கர்னலின் தொப்பிக் கதை அப்போது நடந்ததுதான். கடைசியில் பாய்மரத் தொங்காங் படகு ஒன்றில் வந்த சீனர்கள் கயிறு கட்டி எங்களைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். அவர்கள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

கர்னலைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, மொரித்தா எங்களை வரிசையாக நிறுத்தினார். கட்டையைக் கழற்றி முன்னால் போட்டார்கள். முகம் முழுக்க உரிந்து, இழுபட்டு, சோற்றுப்பானையின் அடிப்பற்றுப்போல் கிடந்தது. விரலால் இழுத்தார். கையுறை கறுத்தது.

“யார்?” என்றார்.

என் சட்டைப் பையில் என் வேலைச் சீட்டு இருந்தது. வீராசாமியின் பையிலிருந்து நான்காக மடித்த தாளின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. என் முத்திரையின் சிவப்பு விளிம்பு இங்கிருந்தே தெரிந்தது. அவர் அதை எடுத்து நீட்டினால் போதும், நான் சயாம். நான் வாய் திறக்கவில்லை. பழி அவர்மேல் விழுந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டேன் என்பதுதான் உண்மை. இத்தனை வருடமாக இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறேன். இந்த இடத்துக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

வீராசாமி ஓர் அடி முன்னால் வந்தார். அவர் கை பையை நோக்கிப் போகவில்லை. கீழே குனிந்து எண்ணெய் டின்னை எடுத்தார். “துவான், அபுரா தாக் பாகுஸ்,” என்றார். ஐயா, எண்ணெய் சரியில்லை என்று பாதி மலாயிலும் பாதி ஜப்பானியத்திலும்.

நல்ல மசகெண்ணெய் பீப்பாய்கள் கிடங்கில் வரிசையாக இருந்ததை எல்லோரும் பார்த்திருந்தோம். கிடங்குச் சாவி மொரித்தாவின் இடுப்பில் இருந்தது. பீப்பாய்கள் ஒவ்வொன்றாக எந்தப் பக்கம் உருண்டு போய் விலையாயின என்பது துறைமுகத்துப் பூனைக்குக்கூடத் தெரியும். மொரித்தா டின்னைப் பார்த்தார், வீராசாமியைப் பார்த்தார், பிறகு நீண்டநேரம் கடலைப் பார்த்தார்.

“இன்றைக்கு அலை அதிகம்,” என்றார் கடைசியில். “அப்படி எழுது.”

எழுதினேன். ஆனாலும் இவ்வளவு பெரிய விசாரணையில் ஒருவருக்காவது அறை விழாவிட்டால் ராணுவத்துக்கு அழகில்லை. அது எனக்கு விழுந்தது, இரண்டு கன்னத்திலும். கைப்பட்டியை அவிழ்த்துக்கொண்டார்கள். வேலைச் சீட்டு மட்டும் தப்பியது. அதில் ‘கந்தோக்கு’ என்பதை அடித்துவிட்டு ‘ஃபிட்டருக்கு உதவியாள்’ என்று எழுதினார்கள். அந்தக் கையெழுத்து படுமோசம்.

அன்று சாயந்தரம் நான் வீராசாமியிடம் போனேன். “அண்ணே,” என்றேன். முதல்முறை அப்படிக் கூப்பிட்டேன். “ஏன் அந்தத் தாளைக் காட்டேல்லை?”

“காட்டுனா உன்னைய சயாமுக்கு ஏத்திருவான். போனவன் எவன் திரும்புனான்?” என்றார் அவர். சற்றுநேரம் பீடியை இழுத்தார். “அப்பறம், உன் எடத்துக்கு இன்னொரு படிச்சவனைக் கொண்டாந்து விடுவான். அவங்க வீட்டுல ஆட்டுக்கல்லு இருந்தா நான் என்னா செய்யுறது?”

மறுநாள் புதிதாக வார்த்த முகத்தில் குழி போடும் வேலையை என்னிடம் கொடுத்தார். ஒரே ஆழம், ஒரே அகலம், ஒன்றோடொன்று முட்டக் கூடாது. கையெழுத்துக்குப் பெயர்போன என் கையால் போட்ட முதல் ஐம்பது குழியையும் பார்த்துவிட்டு, “கோழி கிண்டுன மாதிரி இருக்கு” என்று மறுபடி மட்டமாக்கச் சொன்னார். மூன்றாவது முறைதான் தேறினேன். அந்தக் கட்டை, ஜப்பான்காரன் போகும்வரை, அதே செம்பனை எண்ணெயிலேயே ஓடியது.

சண்டை முடிந்து எனக்குக் கலியாணம் ஆனபோது வீராசாமி அண்ணன் ஒரு பரிசு கொண்டுவந்தார். பிரித்தால், என் உத்தரவு! சட்டம் போட்டு, கண்ணாடி பதித்திருந்தது. “கண்ணாடி வழவழன்னு இருக்கானு தடவிப் பாத்துத்தான் வாங்குனேன்” என்றார். என் மனைவி முழுக் கதையையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைக் கொண்டுபோய் அடுப்படியில் அம்மிக்கு நேர் மேலே மாட்டினாள். அன்றிலிருந்து அந்த அம்மியைக் கொத்தும் நாளில் எனக்கு வீட்டில் இருக்க அனுமதி இல்லை.

இப்போது என் தலையில் ஒரு மயிரும் இல்லை. போன தீபாவளி விடியலில் மனைவி என்னை மணையில் உட்கார்த்தி உச்சியில் எண்ணெய் வைத்தாள். வைத்த வேகத்தில் அது நெற்றியில் இறங்கி, மூக்கில் ஓடி, தாடையில் சொட்டியது. இரண்டாவது கையும் அப்படியே போயிற்று. பேரப்பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

“ஒரு குழிகூட இல்லை, எண்ணெய் எப்பிடி நிக்கும்?” என்று மனைவி கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “வீராசாமி அண்ணை, உங்கட சுரண்டி இருக்கோ? இதைக் கொஞ்சம் கொத்திவிடுங்கோ!”

முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த வீராசாமி அண்ணன் எழுந்து வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, என் மண்டையை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை விரலால் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார்.

“கொத்திரலாம்,” என்றார். “எழுதிக் குடுங்க கிராணி.”