ஸ்கூட்டரை விழுங்கிய வெள்ளைத் தாள்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு உங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது.

நானும் உங்கள் மகளும் நலம். அத்தையின் முழங்கால் வலி தேவலையா என்று அவள் கேட்கச் சொன்னாள். உங்கள் கடிதம் கிடைத்தது. கொஞ்ச நாளாக யார் யாரோ பெண்கள் போன் செய்து, "எப்ப வர்றீங்க? வீட்ல யாரும் இல்லாத நேரமா வாங்க" என்று கூப்பிடுவதாகவும், அத்தை உங்களை ஒரு மாதிரி பார்ப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்த வயதில் உங்களுக்கு இது வேண்டாத வம்பு. முதல் வேலையாக நம்பரை மாற்றிவிடுங்கள்.

இனி ஸ்கூட்டர் விஷயம். நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்ததை விற்று, அந்தப் பணத்தை ஒரு நோட்டீஸுக்காக டிசைனர் அம்மாவிடம் கொட்டிவிட்டேன் என்று நீங்கள் கொதித்ததில் தப்பே இல்லை. மாதம் முடிவதற்குள் அந்தத் தாளைப் பார்த்து ஒரு போனாவது வராவிட்டால், வீடு வீடாகப் பூச்சி மருந்து அடிக்கும் தொழிலை மூட்டை கட்டிவிட்டு உங்கள் இரும்புக் கடையில் ஆணி எண்ண வரவேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். ஆணியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கென்று இருப்பது இந்த ஒரு தொழில்தான், அதனால் நடந்ததைக் கேளுங்கள்.

முதல் நோட்டீஸை, காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று அச்சகத்துக் கம்ப்யூட்டரில் நானே உட்கார்ந்து, இருக்கிற நிறத்தையெல்லாம் கொட்டி, நடுவில் முறத்தளவு கரப்பான்பூச்சி ஒன்றை மீசை தெரிய நிறுத்தி, அதன் பக்கத்தில் நான் சிரிக்கிற போட்டோவையும் வைத்து அடித்து வீட்டுத் தபால் பெட்டிகளில் போட்டேன். ஒரு வீட்டம்மா அதைச் செருப்பாலேயே அடித்துக் கிழித்துவிட்டார். பூச்சியோடு என் முகமும் போயிற்று.

அதைக் காட்டியபோது டிசைனர் அம்மா முதலில் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார். பிறகு, "இதைப் பார்த்தா ஜனங்க என்ன செய்வாங்க?" என்றார்.

"போன் பண்ணுவாங்க."

"கையில எடுத்தாத்தானேங்க போன் பண்ணுவாங்க?"

இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லையே மாமா. அவர் கம்ப்யூட்டர் பக்கமே போகாமல், ஓர் அடுக்குமாடியின் படிக்கட்டுக்குக் கீழே, தபால் பெட்டிகளை ஒட்டி அரை நாள் நின்று, ஆட்கள் தாளை எப்படி எடுக்கிறார்கள், எப்படித் தூக்கி எறிகிறார்கள் என்று பார்த்தார். "பெட்டிக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவுல ரெண்டு எட்டுதான். அதுக்குள்ள அவங்களை நிறுத்தணும். அதுக்குத்தான் எனக்குக் காசு" என்றார்.

அவர் செய்து கொடுத்த தாளில் ஒன்றை இத்துடன் வைக்கிறேன். கை கழுவிவிட்டுத் தொடுங்கள். இரண்டாக மடித்த கெட்டியான வெள்ளைத் தாள். ஓரத்திலிருந்து எறும்பு வரிசை ஒன்று போகும். நிஜ எறும்பென்று விரலால் தட்டப் போனால், விரல் மடிப்பில் பட்டுத் தாள் தானாக விரியும். உள்ளே சுத்தமான சமையலறைத் தரை, ஒரு எறும்பு கிடையாது. மூலையில் போன் நம்பர். மீதியெல்லாம் வெள்ளை. இந்த வெள்ளைக்கா என் ஸ்கூட்டர் என்று எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் காலி மனைக்குத்தானே மாமா விலை. அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கக் கொடுத்தார். மூச்சு விடாமல் பார்த்தேன். அந்த நம்பர்கூட ரொம்ப நெருங்கிய சொந்தம் மாதிரி தெரிந்தது. கண் கலங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பெட்டிகளில் போட்ட அன்று படிக்கட்டுக்குக் கீழே நானும் ஒளிந்து நின்றேன். குப்பைத் தொட்டியைப் பார்த்து நடந்த ஒருவர் நின்றார். எறும்பை ஊதினார். போகவில்லை. விரித்தார், சிரித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடி ஏறினார். ஒரு தாள் மனிதனை இப்படி நிறுத்துமா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

ஆனால் உண்மையை மறைக்க மாட்டேன். என் போன் அடிக்கவே இல்லை. உங்கள் மகளை அவள் போனிலிருந்து அடிக்கச் சொன்னேன், அவள் அடித்தால் மட்டும் அடிக்கிறது. தோற்றுவிட்டேன் மாமா. திங்கட்கிழமை கடைக்கு வந்துவிடுகிறேன். அந்தத் தாளை மட்டும் திட்டாதீர்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி என்றும் எங்களுக்கு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் மகள் தாளை விரித்துப் பார்த்து, "என்னங்க, இது எங்கப்பா நம்பராச்சே" என்றாள். முதல் நாள் டிசைனர் அம்மா, "முடிவெடுக்கிறவங்க நம்பர் கொடுங்க" என்று கேட்டார். நம் குடும்பத்தில் முடிவெடுப்பது நீங்கள்தானே என்று, மரியாதைக்கு உங்கள் நம்பரை எழுதிக் கொடுத்தேன். மாமா, தயவுசெய்து நம்பரை மாற்றிவிடாதீர்கள். வீட்டில் ஆள் இல்லாதபோதுதான் மருந்து அடிக்க முடியும் என்று அத்தைக்கு விளக்குங்கள். திங்கட்கிழமை நான் வரவில்லை. ஆணியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, கூப்பிடுகிறவர்களின் விலாசத்தை நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும். ஸ்கூட்டர் இல்லை, ஆள் நடந்துதான் வருவான் என்றும் சொல்லிவிடுங்கள்.