ஒளிகுறை மருந்துத் தெரிவுக்குழு

நெருப்பைக் கண்டுபிடித்த மனிதகுலம், அதன் வெளிச்சத்தைக் குறைப்பது எப்படி என்று யோசிப்பதற்குப் பல்லாயிரம் வருடங்களை வீணாக்கியது. அந்தத் தாமதத்துக்காக வெட்கப்பட்டு, முறைப்படி ஒரு தெரிவுக்குழுவை அமைத்த பெருமை சுவிற்சர்லாந்தைச் சேரும். அந்தக் குழுவுக்கு நிபுணத்துவ ஆலோசனை வழங்கிய பெருமை யாழ்ப்பாணத்தைச் சேரும்.

எண்பத்தெட்டாம் ஆண்டு. டீட்டிகோனில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்துப் போகவேண்டிய ஒரு சிறிய ஊர். பெயரைச் சொன்னால் அதற்கும் ஒரு குழு போடுவார்கள் என்பதால் விட்டுவிடுவோம். அங்கே துப்பாக்கி சுடுவோர் சங்கம் ஒன்று இருந்தது. இறைச்சிக்கடைக்காரர், பேக்கரியில் பாண் போடுகிறவர், ஓய்வுபெற்ற இரசாயன வாத்தியார் என்று எல்லோரும் சாதுக்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடதாசி வட்டங்களைச் சுட்டுத் தள்ளிவிட்டு, சங்கத்துச் சாப்பாட்டறையில் பியர் குடித்து, பிள்ளைகளுக்குச் சொக்கிலேட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்த மாரியில் பழைய தபால் கந்தோரின் மேல்மாடியில் அகதிகள் விடுதி திறந்தார்கள். வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தமிழர். அவர்கள் ஊரில் நிகழ்த்திய ஆகப் பெரிய அட்டகாசம், ஜன்னலைத் திறந்துவைத்து மீன் பொரித்ததுதான். ஆனாலும் அதற்குப் பிறகு சங்கத்தில் 'தற்பாதுகாப்பு' என்ற சொல் அடிக்கடி கேட்கத் தொடங்கியது.

சங்கத்தினர் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறவர்கள். சுட்ட கோதுகளைப் பொறுக்கிக் கழுவி, புதிதாக வெடிமருந்து அளந்து போட்டு, ரவையை வைத்து அமுக்குவது அவர்களுடைய மாலைநேரப் பொழுதுபோக்கு. கடதாசியைச் சுட எந்த மருந்தும் போதும். ஆனால் 'தற்பாதுகாப்பு' இருட்டில் நடப்பது. இருட்டில் கைத்துப்பாக்கியால் சுட்டால் குழல் வாயில் எழும் சுவாலை சுடுகிறவரின் கண்ணையே கூசவைத்துவிடும். வந்தவன் விழுந்தானா, ஓடினானா என்று பார்க்கக்கூட முடியாது. இது நாகரிகமான மனிதர் சகிக்கக்கூடிய நிலைமையல்ல. எனவே சுவாலை குறைந்த மருந்தைத் தெரிவுசெய்ய ஐந்து பேர் கொண்ட குழு, இறைச்சிக்கடை ஹூபரின் தலைமையில் கூடியது.

அப்போது பக்கத்துச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் தில்லைநாதன். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். அகதிக் கோரிக்கை கொடுத்து, விடுதியில் ஒரு கட்டிலும் விசாரணைக்கு ஒரு திகதியும் கிடைத்திருந்தன. அந்த விசாரணையில்தான் அவருடைய உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. ஏற்றுக்கொண்டால் மனைவி சிவமலரைக் கூப்பிடலாம். இல்லையென்றால் அவரையே திருப்பி அனுப்பலாம்.

ஹூபர் அவரைக் கூப்பிட்டு, "தில்லை, நீ யுத்தம் நடக்கிற நாட்டிலிருந்து வந்தவன். சுவாலை குறைந்த மருந்து எது என்று உனக்குத் தெரிந்திருக்கும்" என்றார்.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் 'தெரியாது' என்று சொல்லிவிட்டுக் கோப்பை கழுவப் போயிருப்பான். தில்லைநாதன் யாழ்ப்பாணத்தவர். எங்களில் ஒருவரிடம் வழி கேட்டுப் பாருங்கள். போகாத ஊருக்கும் வழி சொல்லி, குறுக்குப் பாதையும் சொல்லி, அங்கே யாரை நம்பக் கூடாது என்றும் சொல்லித்தான் அனுப்புவோம். தெரியாது என்ற சொல் எங்களிடம் இல்லாமலில்லை. அதை மற்றவர்களுக்காக வைத்திருக்கிறோம்: 'அவனுக்கு ஒண்டும் தெரியாது.'

தில்லைநாதன் ஈரக் கையைத் துடைத்தார். மேசையில் இரண்டு டப்பா மருந்து இருந்தது. இரண்டையும் மோந்து பார்த்தார். இரண்டு சோசர் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை வைத்து, கோயிலில் கற்பூரம் கொளுத்துகிற பவ்வியத்தோடு கொளுத்தினார். முதலாவது கொஞ்சம் அடக்கமாக எரிந்தது. இரண்டாவது புஸ்ஸென்று மஞ்சளாக எரிந்தது.

"முதலாவது" என்றார். பிறகு, சும்மா இருக்க முடியாமல், "ஈரப்பதனையும் கவனிக்க வேண்டும்" என்றார்.

சோசரில் எரிவதற்கும் குழலுக்குள் எரிவதற்கும் சம்பந்தமே இல்லை. வேகமாக எரிகிற மருந்து குழலுக்குள்ளேயே எரிந்து முடியும். ஆறுதலாக எரிகிற மருந்தின் மிச்சம் வெளியே வந்து பற்றும். இரசாயன வாத்தியாருக்கு இது பாடம். ஆனாலும் யுத்தத்தைக் கண்ட ஒருவருக்கு முன்னால் புத்தகத்தைக் கண்டவர் வாய் திறப்பது மரியாதையல்ல என்று அவர் பேசாமலிருந்தார். தில்லைநாதன் 'ஆலோசகர்' ஆனார். அன்றுமுதல் கூட்டங்களில் அவருக்குக் கதிரையும் கோப்பியும் கிடைத்தன. கோப்பையை மட்டும் அவரே கழுவவேண்டியிருந்தது.

விடுதியில் பக்கத்துக் கட்டில்காரன் சச்சிதானந்தன் சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், வாய்க்காரன். அவனிடம் தில்லைநாதன் தன் புதிய பதவியைப் பற்றி விஸ்தாரமாகச் சொன்னார்.

"அது சரி அண்ணை. அந்தக் குண்டு ஆருக்கு?"

"கள்ளருக்கு."

"இந்த ஊரிலை கள்ளர் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை. அதாலைதான் ஆயத்தமாய் இருக்கினம்."

"தபால் கந்தோர் திறந்தாப் பிறகுதானே ஆயத்தம் தொடங்கினது. அண்ணை, அவங்கள் எங்களைத்தான் சொல்லுறாங்கள்."

தில்லைநாதன் போர்வையைச் சரிசெய்துகொண்டார். "எங்களைச் சொல்லேல்லை. உங்களைத்தான் சொல்லுகினம்" என்றார். ஹூபர் தன்னைத் தோளில் தட்டிக் கூப்பிடுகிறவர் என்பதையும், சங்கக்கடை மனேச்சரையும் கண்ட பெடியளையும் வெள்ளைக்காரன் ஒரு தட்டில் வைக்கமாட்டான் என்பதையும் விளக்கினார்.

சச்சிதானந்தன் சிரிக்கவில்லை. "விசாரணையிலை ஆயுதம் தொட்டனீங்களோ எண்டு கேப்பாங்கள். மருந்து நிபுணர் எண்டு சொல்லப்போறியளோ?" என்று கேட்டான். தில்லைநாதன் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார். பெருமை வந்த வேகத்தில் பயமும் வந்துவிட்டது.

விசாரணை அறையில் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவரைக் கண்டபோது பயம் இரட்டிப்பானது. தெரிவுக்குழுவின் கூட்டங்களில் கடைசிக் கதிரையில் இருந்து, ஒன்றும் பேசாமல் குறிப்பெடுக்கும் கூப்ளர்தான் அவர். சின்ன நாடு. இருக்கிற ஆட்களை வைத்துத்தானே எல்லாவற்றையும் நடத்த வேண்டும்.

ஆயுதங்களோடு ஏதாவது தொடர்பு உண்டா என்று கூப்ளர் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் பாலசிங்கம் தமிழில் சொன்னார். இல்லவே இல்லை என்றார் தில்லைநாதன். கூப்ளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, அப்படியானால் சுடுவோர் சங்கத்துக்கு எந்த அடிப்படையில் ஆலோசனை வழங்கினீர்கள் என்று வினயமாகக் கேட்டார்.

நிபுணர் என்றால் ஆயுத இயக்கக்காரன். நிபுணர் இல்லையென்றால் பொய்யன். தில்லைநாதனுக்குச் சிவமலரின் முகம் நினைவுக்கு வந்தது. கடைசியில், பிறந்த நாளிலிருந்து அவர் வாயில் வராத வசனம் வெளியே வந்தது.

"எனக்கு மருந்தைப் பற்றி ஒண்டும் தெரியாது."

பாலசிங்கமும் யாழ்ப்பாணத்தவர். அவர் திடுக்கிட்டுப் போனார். "அண்ணை, இதை அப்பிடியே சொல்லவோ?" என்று மெதுவாகக் கேட்டார். சொல்லச் சொன்னார் தில்லைநாதன்.

"வெளிச்சத்தைப் பற்றி மட்டும் தெரியும். முன்னுக்கு நிண்டு பார்த்தனான்" என்று தொடர்ந்தார். பிறகு அவர் நிறுத்தவில்லை. இருட்டத் தொடங்கும் மைம்மல் நேரம், கடையைப் பூட்டிவிட்டு, கணக்கெழுதும் குகதாசனோடு குறுகலான ஒழுங்கையால் சைக்கிளில் வந்ததைச் சொன்னார். திடீரென்று வெடி வெளிச்சம். குகதாசன் விழுந்தான். இவர் வாய்க்காலுக்குள் விழுந்தார். அந்த வெளிச்சத்தில் சுட்டவனின் முகம் தெரிந்தது. இராணுவ முகாமிலிருந்து வந்து கடையில் சிகரெட் வாங்குகிற சீருடைக்காரன். இவர் கண்டதை அவனும் கண்டான். ஊர் அதிகாரியான விதானையார் கேட்டபோது முகத்தை அடையாளம் சொன்னார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குத் தேடி வந்தார்கள். சொல்லி முடிக்கும்போது தில்லைநாதன் அழுதுகொண்டிருந்தார். ஆலோசகருக்குரிய அழுகை அல்ல அது.

கூப்ளர் நெடுநேரம் எழுதினார். முகத்தைக் கண்டது மிக முக்கியமான விடயம் என்றும், முடிவு பின்னர் அறிவிக்கப்படும் என்றும் சொன்னார்.

கூப்ளர் நேர்மையானவர். அரசாங்கத்துக்காக அறிந்ததைச் சங்கத்திடம் மறைப்பது அவரால் முடியாத காரியம். தெரிவுக்குழு அவசரமாகக் கூடியது. ஹூபரின் மனம் புண்பட்டிருந்தது. அரசாங்கத்திடம் பொய் சொல்வது மனித பலவீனம், சுடுவோர் சங்கத்திடம் பொய் சொல்வது வேறு விஷயம் என்றார். அப்போது இரசாயன வாத்தியார் எழுந்து, சங்கத்தின் நீண்ட வரலாற்றில் எல்லோரும் துப்பாக்கிக்குப் பின்னால் நின்றவர்கள் என்றும், முன்னால் நின்ற அனுபவசாலி ஒருவர் தானாகக் கிடைத்திருப்பதை வீணாக்கலாகாது என்றும் சுட்டிக்காட்டினார். சபை நெகிழ்ந்தது. தில்லைநாதன் 'முன்புற அவதானிப்பாளர்' ஆக நியமிக்கப்பட்டார். அவருக்கு வெட்கமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் பதவியின் பெயர் முன்னையதைவிட நீளமாக இருந்ததால், வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

நிலவறைச் சுடுகூடத்தில் பரிசோதனை நடந்தது. இலக்குக்குப் பக்கத்தில், தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவருக்கு ஒரு மேசையும் கதிரையும் போட்டார்கள். விளக்குகள் அணைந்தன. முதல் வெடி கேட்டபோது அவதானிப்பாளர் மேசைக்குக் கீழே இருந்த காரணத்தால், அது கணக்கில் எடுக்கப்படவில்லை. விளக்கைப் போட்டு, அவரை வெளியே எடுத்து, தண்ணீர் கொடுத்து, மீண்டும் இருத்தினார்கள். இரண்டு ரக மருந்தாலும் மாறி மாறிச் சுட்டார்கள். அவர் கதிரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடி இருந்தார்.

விளக்கு வந்ததும் ஹூபர் அவதானிப்பை அறிவிக்கும்படி கேட்டார்.

தில்லைநாதன் தன் ஜேர்மனைத் திரட்டிக்கொண்டு, முதலாம் ரகத்தில் எல்லோருடைய முகமும் தெரிந்தது என்றார். ஹூபர் ஒரு கண்ணை மூடியிருந்தார். வாத்தியார் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். கூப்ளர் காதைப் பொத்தியிருந்தார். எந்த நீதிமன்றத்திலும் வந்து அடையாளம் சொல்லலாம்.

"இரண்டாவதில்?"

"ஒருவரையும் தெரியவில்லை. சுட்டது யார் என்று சொல்லவே முடியாது."

ஹூபரின் முகம் மலர்ந்தது. பிரமாதம் என்றார். மற்றவர்களும் கைதட்டினார்கள். இரண்டாம் ரகத்தை ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம் என்று அறிவித்தார். ஐந்து கைகள் உயர்ந்தன.

ஆனாலும் ஹூபர் எண்ணவில்லை. எல்லோரும் தில்லைநாதனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவதானிப்பாளருக்கும் வாக்கு உண்டாம். சுவிஸில் அவருக்குக் கிடைத்த முதல் வாக்கு. குகதாசன் விழுந்த ஒழுங்கை அவர் கண்ணுக்குள் நின்றது. விசாரணை முடிவு இன்னும் வந்திருக்கவில்லை. அதை எழுதப்போகும் கூப்ளரின் கை, இரண்டாம் ரகத்துக்காக மேலே நின்றது.

தில்லைநாதனும் கையை உயர்த்தினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.