ரெனே என்னும் பெயருக்கு நடந்த போர்

வாழ்க மாயவன்! விருத்தாசலத்துப் பீங்கான் சூளையின் செந்தழல்முன் நெஞ்சு நிமிர்த்தி நிற்பவன், பலகை நிறையக் கோப்பைகளைத் தோளேற்றி நடந்தும் ஒன்றின் காதையும் உடைக்காதவன், மகேஸ்வரியின் மணவாளன், இருபத்தெட்டு நாள் பெண்மகவின் தந்தை. அத்தகையோன் தொண்ணூற்றொன்றாம் ஆண்டில் தன் அக்காள் கமலத்தோடு ஒரு பெயருக்காகப் பொருத பெரும்போர் இது.

போர் மூண்ட காரணம் சிறிதன்று. மாயவன், மகேஸ்வரி இணையரின் முதற்குழந்தை பதினோராம் நாளில் போய்விட்டது. இரண்டாவது புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிப் பிறந்தபோது, காலனின் பாசக்கயிற்றை இரப்பர்க் குழாயொன்றால் தடுத்து வென்ற நர்சின் பெயர் ரெனே. அந்தப் பிரெஞ்சுப் பெயரையே மகளுக்குச் சூட்டுவேன் என்று மாயவன் சூளுரைத்தான். எதிர்த்தெழுந்தாள் கமலம். மூத்தது தங்காத வீட்டில் அடுத்ததைக் குப்பையில் கிடத்தி, தவிடு கொடுத்து வாங்கி, குப்பம்மாள் என்று அழைத்தால்தான் எமன் வேண்டாமென்று போவான் என்பது அவள் ஏந்திய வேல். பெயரைக் குழந்தையின் காதில் மும்முறை ஓதும் உரிமையோ அத்தைக்கே உரியது. ஆகவே அவள் வாயே கோட்டைக்கதவு.

"அர்த்தம் தெரியாத பேர நான் ஓத மாட்டன்டா. வெள்ளக்காரன் வூட்டு நாய்க்குக்கூட அந்தப் பேரு இருக்கும்!"

"உசுரக் காப்பாத்துனவங்க பேரு அது, அக்கா."

"அப்ப அவங்களயே கேட்டுக்கிட்டு வா. அதுவரைக்கும் எம் மருமவ குப்பம்மாதான்."

பெயர் சூட்டும் முப்பதாம் நாளுக்கு இடையே ஒரு பகலே எஞ்சியிருக்க, புழுதிக்கொடி பறக்க, ஒலிப்பான் சங்கென முழங்க, பண்ருட்டி வழியே விரைந்த பேருந்தின் படியில் ஒற்றைக்காலில் தவம்புரிந்தபடி மாயவன் படையெடுத்தான். மூன்று மணி நேரம் என்பாரும் உளர். நான்கு என்பாரும் உளர். அவனிடம் கைக்கடிகாரம் இல்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசிப் பெட்டியை மூடிவிட்டு உண்மைப்பொருள் உரைத்தாள்.

"லத்தீன்லேர்ந்து பிரெஞ்சுக்கு வந்த பேருங்க. மறுபடி பொறந்தவன்னு அர்த்தம். ஞானஸ்நானத்துல புதுசாப் பொறக்குறோம்னு அந்தக் காலத்துல வெச்சாங்க. ஆம்பளைக்கும் இருக்குது, பொம்பளைக்கு எழுதும்போது கடைசியில ஒரு எழுத்து கூடும், அவ்ளோதான்."

மறுநாட்காலை, உறவினர் சூழ்ந்த அவையில், வெற்றிவீரன் போல் மாயவன் அப்பொருளை முழங்கினான். மகேஸ்வரி மடியிலிருந்த மகவை இறுக்கிக்கொண்டாள். அடுப்பிலிருந்த உலைத்தீயும் ஒருகணம் அடங்கியதெனச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அது சன்னமாக எரிந்துகொண்டுதான் இருந்தது.

"மறுபடி பொறந்தவளா?" என்றாள் கமலம்.

"ஆமாங்க்கா."

"அட கூறுகெட்டவனே, மறுபடி பொறக்கணும்னா மொதல்ல குப்பையில போட்டுத்தான எடுக்கணும்? இத்தன நாளா நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கன்? எடுடா மொறத்த!"

இவ்வாறு இரு படைகளும் ஒரே கொடியின்கீழ் அணிவகுத்து, சூளைக்குப் பின்னே உடைந்த கோப்பைகள் வெண்மலையெனக் குவிந்திருந்த குப்பைமேட்டை அடைந்தன. முறத்தில் கிடத்திய மகவை அதன் அடிவாரத்தில் விட்டனர். பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் யாரோ எறிந்ததைக் கண்டவள்போல் எடுத்தாள். மகேஸ்வரி ஒரு படி தவிடு அளந்தாள்.

"தல தட்டாம அளடி," என்று அதட்டினாள் கமலம், "புள்ளைய வாங்குற, கோழிக்குத் தீனியா போடுற?"

மகேஸ்வரி கோபுரமாய்க் குவித்து அளந்து மகளை வாங்கினாள். கோட்டைக்கதவு திறந்தது. ரெனே, ரெனே, ரெனே என்று மும்முறை ஓதிய கமலத்தின் குரல் திசையானைகளின் செவிகளில் பாய, மூவுலகும் கேட்டிருக்க, எமனும் தன் ஏட்டைப் புரட்டி அப்படியொரு பெயர் காணாது திகைத்திருக்க, குழந்தைக்குப் பசி வந்து, மகேஸ்வரி ஓரமாக உட்கார்ந்து பால் கொடுத்தாள்.