மூணாங்கிளாசுக்கு முடிவே இல்லை

இந்த உலகத்தில் பிறந்த வாத்தியார்களிலேயே, தன் பிள்ளைகள் பாஸாகிவிடக் கூடாதே என்று பாடுபட்ட ஒரே வாத்தியார் எங்கள் மூணாங்கிளாஸ் மாஸ்டர்தான். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் அதைக் கேட்டுக்கொண்டதில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நான் உதவி வாத்தியாராக அங்கே போய் இறங்கினேன். ஒரே தகரக் கொட்டகை. அதற்குள் ஐந்து வகுப்பு, எழுபது பிள்ளைகள், நடுவில் குடை பிடித்தபடி மாஸ்டர். கூரை அந்த லட்சணம்.

முதல் நாளே எனக்குத் தலை சுற்றியது. ஒன்றாம் வகுப்பில் எட்டுப் பேர், இரண்டில் பத்துப் பேர், நான்கில் ஆறு பேர், ஐந்தில் ஈ காக்கை இல்லை. மீதி அத்தனை பேரும் மூன்றாம் வகுப்பு! அதில் சில பெண் பிள்ளைகள் என் தோள் உயரம் வளர்ந்திருந்தார்கள்.

“இந்தப் புள்ளையும் மூணாங்கிளாஸா மாஸ்டர்?”

“எந்த மூணுன்னு கேளுங்க. மொத மூணா, ரெண்டாவது மூணா?”

“மொத்தம் எத்தனை மூணுங்க இருக்கு?”

“இப்போதைக்கு நாலு” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

நான் கேட்ட பிள்ளையின் பெயர் செல்லாயி. பதின்மூன்று வயது, நாலாவது மூணு. கரும்பலகையில் நான் போட்ட கணக்கில் பிழை பிடித்தவள் அவள்தான். ஆனால் வருஷா வருஷம் அவள் பெயருக்கு நேரே ‘தேறவில்லை’. கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் அவளுடைய அப்பாவைப் பார்த்தேன். “எம் மகளுக்கு மண்டையில களிமண்ணுங்க சார், என்னா பண்றது” என்றார். கெட்டிக்காரப் பிள்ளையை இப்படியா பாழாக்குவது?

மாஸ்டர் காய்ச்சலில் படுத்த வாரம் நான் களத்தில் இறங்கினேன். பரீட்சை வைத்தேன், திருத்தினேன். செல்லாயி ஐந்தாம் வகுப்பே தேறிவிட்டாள் என்று பள்ளிப் பதிவேடான இடாப்பில் எழுதி, அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். மனிதர் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். சேதி தோட்டத்தில் வேலை பிரிக்கும் கணக்கப்பிள்ளை காதுக்கும் எட்டியது. அவர் செல்லாயியின் அப்பாவிடம் சொன்னார்:

“படிச்சு முடிச்சிருச்சாம்ல? திங்கக்கெழம பெரட்டுக்கு அனுப்பு. பேர் பதியணும்.”

பெரட்டு என்பது விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். அங்கே பெயர் பதிந்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் கொழுந்துக் கூடைதான்.

விஷயம் தெரிந்து, காய்ச்சலோடு ஓடிவந்த மாஸ்டர் இடாப்பைப் பார்த்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“அடப்பாவி மனுசா! பாஸ் பண்ணி விட்டுட்டீங்களே!”

“பாஸானா நல்லதுதானேங்க?”

“என்னா நல்லது? நம்ம பள்ளிக்கூடம் அஞ்சோட முடிஞ்சிருது. முடிச்ச புள்ளைய மறுநாளே மலைக்கு ஏத்திருவாங்க. டவுன் புள்ளைக்குப் பத்து வருசப் படிப்பு, நம்ம புள்ளைக்கு அஞ்சுதானா? அந்த அஞ்சைத்தான் நான் பத்தா இழுத்துக்கிட்டுக் கெடக்கேன்! நாலாவது மூணுன்னா அவ படிக்கிறது எட்டாங்கிளாஸ் பாடம் சார். கெஞ்சிக் கூத்தாடி, வர்ற ஜனவரியில டவுன் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிறதா ஒத்துக்க வச்சிருக்கேன்.”

“அதுக்கு எதுக்குங்க மூணு? அஞ்சுலயே வச்சிருக்கலாமே?”

“அஞ்சுன்னா முடிஞ்சிருச்சான்னு கேப்பானுங்க. மூணுன்னா எவனும் கேக்க மாட்டான்.”

எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. ஜனவரிக்கு இன்னும் நான்கு மாதம் கிடந்தது. பெரட்டுக்கு இரண்டே நாள்.

திங்கட்கிழமை பனி விலகுமுன் பெரட்டுக்குப் போனால், அங்கே எழுபது பிள்ளைகளும் வரிசையாக நிற்கிறார்கள்! கணக்கப்பிள்ளை பக்கத்திலேயே மாஸ்டரும் இடாப்பை விரித்து வைத்துப் பெயர் கூப்பிடுகிறார். மாஸ்டர் “ராமாயி!” என்றால் நான்கு கிழவிகளும் மூன்று சிறுமிகளும் “இருக்கேங்க!” என்கிறார்கள். கணக்கப்பிள்ளை “முனியாண்டி!” என்றால் ஒன்றாம் வகுப்பு முனியாண்டி தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகிறவர்கள் வரிசையில் போய் நிற்கிறான். கங்காணிமார் கத்த, பிள்ளைகள் சிரிக்க, கணக்கப்பிள்ளை எழுதியதை அடித்து அடித்து எழுத, தோட்டத்தை நடத்தும் துரையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

“என்ன இது? பெரட்டா, பள்ளிக்கூடமா?”

“பள்ளிக்கூடத்துப் புள்ளைய இங்க கூப்பிட்டாங்க தொரை. புள்ள வந்த எடத்துக்குப் பள்ளிக்கூடமும் வந்துருச்சு” என்றார் மாஸ்டர்.

“அந்தப் புள்ள படிச்சு முடிச்சாச்சுங்க தொரை!” என்று கணக்கப்பிள்ளை கத்தினார்.

“பாஸ் போட்டது இந்தா நிக்கிற புது சார்தான். அவரையே கேளுங்க” என்று மாஸ்டர் என்னை முன்னே தள்ளிவிட்டார்.

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். “இவளுக்குப் படிப்பு வருமா, வராதா?”

செல்லாயி என்னையே பார்த்தாள். புதுக் கூடையோடு நின்ற அவளுடைய அப்பாவும் பார்த்தார்.

“வராதுங்க தொரை. ஒரு எழுத்து வராது. வேற புள்ள பேப்பரப் பாத்து நான்தான் மாத்திப் போட்டுட்டேன்.”

அந்த அப்பாவின் முகம் சுருங்கிப்போனதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது. துரை என்னைத் திட்டிய திட்டில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதி இங்கே எழுதத் தக்கதல்ல. கடைசியில், “திரும்ப மூணுல போடு!” என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

“செல்லாயி!” என்று மாஸ்டர் இடாப்பைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“உள்ளேன் ஐயா” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

ஜனவரியில் அவளை டவுனுக்கு பஸ் ஏற்றினோம். அவளுடைய அப்பா என் காதோரம் வந்து, “படிப்பே வராத புள்ளைய டவுன்ல எப்புடிங்க சார் சேத்துக்கிட்டாங்க?” என்று கேட்டார். பாவம், அவருடைய குழப்பம் அவருக்கு. உண்மையைச் சொன்னேன். நம்பாமல் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் புறப்பட்டது. அதுவரை வாய் ஓயாத மாஸ்டர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், அங்க போயி புள்ள பாஸாயிருவாள்ல?”

“ஆயிருவா மாஸ்டர்” என்றேன். பஸ் வளைவில் மறைந்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். அவரைத் தனியாக விட்டுவிட்டு வர எனக்கும் மனசு வரவில்லை.