லாஞ்சு பின்னால் போன கதை

வேலை தெரியாதவர்களால் பெரிய ஆபத்தில்லை; பயந்து பாதியில் விட்டுவிடுவார்கள். என்னைப் போல அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் முழுசாகச் செய்து முடித்துவிட்டு எழுந்திருப்போம். மெக்கானிக்கல் டிப்ளமோ வாங்கிய கையோடு காசிமேட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். வந்த மூன்றாம் மாதமே குடும்பத்து விசைப்படகின் (படகு என்றால் மாமியாருக்குக் கோபம் வரும், லாஞ்சு என்றுதான் சொல்ல வேண்டும்) கியரில் கை வைத்தேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த முதல் காலை அது. இரண்டு மாதமாக வீட்டில் வருமானமில்லை. முந்திப் போகிறவர்களுக்குத்தான் நல்ல மீன் என்று துறைமுகமே அடித்துப் பிடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஐஸ், டீசல், அரிசி எல்லாம் ஏற்றியாயிற்று. லாஞ்சு ஓட்டும் என் வீட்டுக்காரர் எஞ்சினைக் கிளப்பி கியர் லீவரைத் தள்ளினார். எஞ்சின் உறுமியது, லாஞ்சு அசையவில்லை. மெக்கானிக் வேறு யாருடைய லாஞ்சிலோ இருந்தார், போனை எடுக்கவில்லை.

"நான் பாக்கறேன்" என்றேன்.

"உனுக்கு இன்னாத்துக்குக் கண்ணு இந்த வேல? மெக்கானிக்கு வரட்டும்" என்றார் மாமியார்.

"அதுக்குள்ள ஐஸெல்லாம் தண்ணியாப் பூடும் அத்தே."

துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு எஞ்சின் அறைக்குள் இறங்கினேன். கியர்பாக்ஸில் ஆயில் சரியாக இருந்தது. லீவரிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த இரும்புக் கையை நானே ஆட்டிப் பார்த்தேன். பாதி தூரம் போய் நின்றது. டார்ச் அடித்தால், கையின் அடியில் கெட்டியாகச் சுற்றிக் கிடக்கிறது கதம்பம். முந்தின நாள் பூஜையில், எஞ்சினுக்கு மட்டும் பூ வைத்தால் கியர்பாக்ஸ் என்ன பாவம் செய்தது என்று நாலு முழம் சுற்றிய பக்தை நானேதான். சத்தமில்லாமல் அறுத்து துப்பட்டாவில் முடிந்துகொண்டேன்.

இப்போது கை முழுசாக நகர்ந்தது. கேபிளைத் திரும்ப மாட்டும்போதுதான் பார்த்தேன்: நடு அச்சில் ஆடும் அந்தக் கையின் மேல் முனையில் ஒரு துளை, கீழ் முனையில் ஒரு துளை. எதிலிருந்து கழற்றினேன் என்று நினைவில்லை. (ஒரு நொடி யோசிக்கத்தான் செய்தேன்.) கீழ்த்துளைதான் வாகாக இருந்தது. அதில் மாட்டி நட்டை முறுக்கினேன்.

"கியர் போடுங்க, பறக்கும்" என்றேன் மேலே வந்து. கயிற்றை அவிழ்த்தார்கள். மாமியார் கரையில் நின்று சூடம் ஏற்றினார். வீட்டுக்காரர் லீவரை முன்னால் தள்ளினார். லாஞ்சு பின்னால் போனது.

"இன்னாடி இது, பின்னால போவுது?"

"பத்தல. இன்னும் நல்லா முன்னால தள்ளுங்க."

நல்லா தள்ளினார். லாஞ்சு இன்னும் வேகமாகப் பின்னால் போய் அடுத்த லாஞ்சின் மூக்கில் இடித்தது. அங்கே திருஷ்டி சுற்றிக்கொண்டிருந்தவரின் பூசணிக்காய் கை நழுவிக் கடலில் விழுந்தது.

"இன்னா மாமு, ரிவர்ஸ்லயே மீன் புடிக்கப் போறியா?" என்று அவர் கேட்க, கரையே சிரித்தது. அப்போதுதான் அந்தக் கீழ்த்துளை எனக்கு உறைத்தது: அதில் மாட்டினால் கை எதிர்ப்பக்கம்தான் ஆடும். கழற்றி மாட்ட நேரமும் இல்லை.

"பின்னால இழுங்க, முன்னால போவும்" என்றேன்.

கல்யாணத்தன்று கூட அவர் என்னை அப்படி உற்றுப் பார்த்ததில்லை. இழுத்தார். லாஞ்சு முன்னால் கிளம்பியது. நான் அடுத்த லாஞ்சில் தாவி ஏறி, கிண்டல்களுக்கு நடுவே கரை சேர்ந்தேன்.

லாஞ்சு திரும்பி வரும்வரை மாமியார் என்னோடு பேசவில்லை. வந்தபோது அதில் வஞ்சிரம் நிரம்பி வழிந்தது. மெக்கானிக் கேபிளை மாற்றி மாட்ட ஸ்பேனரோடு வந்தார். மாமியார் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"தொடாத நைனா. இம்மாம் மீனு எப்பனா வந்துகீதா? அப்டியே வுடு."

அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. எங்கள் லாஞ்சை ஓட்ட புதிதாக யார் வந்தாலும் மாமியார்தான் இன்றைக்கும் முதல் பாடம் நடத்துகிறார்: "இது எங்க மருமவ மாட்டுன கியரு. முன்னால போவணும்னா பின்னால இழுக்கணும். ஏன்னு என்னாண்ட கேக்காத, அதுக்கு டிப்ளமோ படிச்சிருக்கணும்."